பட்டறையும் பள்ளிக்கூடமும் வளர்த்த ஊர்

கார் தொழிலில் இருப்பவர்கள் கூடிப் பேசும்போது யூகோ என்ற பெயர் எப்போதாவது வரும். உடனே யாராவது ஒருவர், அமெரிக்காவில் அந்தக் காரைப் பற்றிச் சுற்றிய துணுக்குகளில் ஒன்றை எடுத்துவிடுவார். உலகத்திலேயே மட்டமான கார்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் யூகோவுக்குத் தப்பாமல் ஓர் இடம் உண்டு. நானும் உதிரிபாகத் துறையில்தான் வேலை செய்கிறேன், இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கார் எந்த ஊரில் தயாரானது, அந்த ஊர்க்காரர்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்கள் தலையில் என்னவெல்லாம் வந்து விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலை விஷயமாக செர்பியா போக நேர்ந்தபோது அந்த ஊரைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அந்தத் துணுக்குகளைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஊரின் பெயர் கிராகுயெவாட்ஸ். பெல்கிரேடிலிருந்து தெற்கே நீஷ் நகரம் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போல வந்து, பாட்டோச்சினாவில் மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் 140 கிலோமீட்டர் இருக்கும். பெரிய மலையோ பெரிய ஆறோ கிடையாது. தாழ்ந்த குன்றுகள், சரிவுகளில் பிளம் தோட்டங்கள், நடுவே மக்காச்சோளக் கொல்லைகள். லேபெனிட்சா என்று ஒரு சிற்றாறு ஊருக்குள் ஓடி, கிழக்கே போய் மொராவாவில் கலக்கிறது. இந்த வட்டாரத்தை ஷுமாதியா என்பார்கள். ஒரு காலத்தில் ஓக் மரக்காடு மண்டிக் கிடந்த பூமி. அந்தக் காட்டு ஓக் கொட்டைகளைத் தின்று கொழுத்த பன்றிகளை ஆஸ்திரியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுத்தான் இங்குள்ள குடியானவர்கள் காசு பார்த்தார்கள். துருக்கியருக்கு எதிராக 1804-இல் கிளர்ச்சி வெடித்ததும் இதே ஷுமாதியாவில்தான். காடு இருந்ததால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, பன்றி வியாபாரத்தால் கையில் கொஞ்சம் பணமும் இருந்தது.

இன்று நகராட்சி எல்லைக்குள் 1,71,000 பேர் வாழ்கிறார்கள். செர்பியாவின் நான்காவது பெரிய நகரம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பெல்கிரேடைப் பார்த்துவிட்டு நோவிசாத் பக்கம் போய்விடுகிறார்கள். இந்த ஊருக்குத் தனியாக வருகிறவர்கள் குறைவு.

இரண்டாம் கிளர்ச்சியின் தலைவர் மிலோஷ் ஒப்ரெனோவிச் 1818-இல் இந்த ஊரைத் தன் தலைநகராக அறிவித்தார். அவருக்கு முன்னால் இது ஒரு சின்ன ஊர். காரணம் எளிமையானது. பெல்கிரேடு கோட்டையில் துருக்கிப் படை உட்கார்ந்திருந்தது. 1867 வரை அது அங்கிருந்து அசையவில்லை. எதிரியின் பீரங்கிக்கு நேர்கீழே உட்கார்ந்து அரசாங்கம் நடத்த முடியாது. அதனால் நாட்டின் நடுவில், குன்றுகளுக்கு இடையே, எல்லையிலிருந்து தள்ளி இருக்கிற இடத்தை அவர் தேர்ந்தெடுத்தார். இந்த ஒரு காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்குப் பின்னால் வந்த நல்லதும் கெட்டதும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மிலோஷுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் ஆட்சியில்தான் செர்பியாவின் முதல் உயர்நிலைப் பள்ளி 1833-இல் இங்கே தொடங்கியது. 1834-இல் முதல் செய்தித்தாள், 1835-இல் முதல் நாடக அரங்கு, 1838-இல் உயர்கல்விக்கான லைசியம். ஐந்தே ஆண்டுகளில் நான்கும் வந்துவிட்டன. நாடக அரங்கை நடத்தியவர் யோவாகிம் வூயிச். அரசவையின் சார்பில் ஏற்படுத்திய அந்த அரங்கு இன்றும் ‘இளவரசர் செர்பிய நாடக அரங்கு’ என்ற பழைய பெயரோடு இயங்குகிறது. லைசியம் பிற்பாடு பெல்கிரேடுக்கு மாறி, வளர்ந்து வளர்ந்து பெல்கிரேடு பல்கலைக்கழகமாக ஆனது.

இவற்றோடு ஓர் அரசியல் சட்டமும் வந்தது. 1835 பிப்ரவரி 15-ஆம் தேதி, ஸ்ரெத்தென்யே என்ற தேவாலயத் திருநாளன்று, மக்கள் பேரவை கிராகுயெவாட்ஸில் கூடி அதை ஏற்றுக்கொண்டது. எழுதியவர் டிமித்ரியே டவிடோவிச் என்ற பத்திரிகையாளர். மேலே சொன்ன செய்தித்தாளின் ஆசிரியரும் அவர்தான். ஆளுவோரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டியது அந்தச் சட்டம், நிலப்பிரபு முறையை ஒழித்தது. அதில் ஒரு பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. செர்பிய மண்ணில் கால் வைத்த நொடியிலிருந்து எந்த அடிமையும் சுதந்திர மனிதன் என்கிறது அந்தப் பிரிவு. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிய இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. அன்றைய பேரரசுகளான ரஷ்யா, ஆஸ்திரியா, துருக்கி மூன்றுக்குமே இது பொறுக்கவில்லை. நெருக்கடி தாங்காமல் 55 நாளில் சட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் அதே பிப்ரவரி 15-ஐத்தான் செர்பியா இன்று தன் தேசிய நாளாகக் கொண்டாடுகிறது.

அந்தக் காலத்துக் கட்டடங்கள் சில இன்னும் இருக்கின்றன. ஆற்றங்கரையை ஒட்டி மிலோஷின் பழைய தேவாலயம், பக்கத்தில் பேரவைக் கட்டடம், கொஞ்சம் தள்ளி அமிஜா மாளிகை. மாளிகை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வெள்ளையடித்த சுவரில் கரிய மரச்சட்டங்கள் தெரியும் இரண்டு மாடி வீடு, அவ்வளவுதான். அரசவைக்காரர்கள் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். 1878-இல் பெர்லின் மாநாடு செர்பியாவைத் தனி நாடாக அங்கீகரித்தபோது, அதை ஏற்றுக்கொள்ளப் பேரவை கூடியதும் இந்த ஊரில்தான்.

1841-இல் தலைநகர் பெல்கிரேடுக்குப் போய்விட்டது. அலுவலர்கள் போனார்கள், லைசியமும் கூடவே போனது. அத்தோடு இந்த ஊர் படுத்திருக்க வேண்டும். படுக்காமல் காப்பாற்றியது பீரங்கி வார்ப்பாலை. பெல்கிரேடில் இருந்த வார்ப்புப் பட்டறையைத் துருக்கிக் கோட்டையின் கண்ணில் படாத இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது, மிலோஷ் சொன்ன அதே காரணம் மறுபடி இந்த ஊரைக் காட்டியது. ஷார்ல் லூப்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் மேற்பார்வையில் 1853 அக்டோபர் 27-ஆம் தேதி முதல் பீரங்கிகள் இங்கே வார்க்கப்பட்டன.

மறு ஆண்டே வார்ப்பாலைக்குள் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார்கள். குடியானவர் பிள்ளைகளை அழைத்துவந்து கணக்கும் வரைபடமும் உலோக வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். செர்பியாவில் விளக்கு என்றால் எண்ணெயும் மெழுகும் என்று இருந்த காலத்தில், 1884-இல் நாட்டின் முதல் மின்விளக்கு எரிந்தது இந்த ஆயுதத் தொழிற்சாலையின் கூடத்தில். ஒரு விவசாய நாட்டில் இந்த ஒரு ஊர் மட்டும் கடைசல் பட்டறைக்காரர்களின் ஊராக, பொருத்துநர்களின் ஊராக ஆகிப்போனது. பட்டறை வந்த இடத்தில் பள்ளிக்கூடமும் வந்தது, இரண்டும் சேர்ந்த இடத்தில் அரசியலும் வந்தது. ஸ்வெதோஸார் மார்கோவிச் என்ற இளம் சோஷலிஸ்ட் இங்கிருந்து பத்திரிகை நடத்தினார். அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டாலும், 1876 பிப்ரவரியில் அவருடைய ஆதரவாளர்களும் வார்ப்பாலைத் தொழிலாளர்களும் தன்னாட்சி என்று எழுதிய செங்கொடியோடு தெருவில் இறங்கினார்கள். பால்கன் பகுதியில் தொழிலாளர் இயக்கம் பற்றி எழுதும் எவரும் இந்த ஊர்வலத்தைச் சொல்லாமல் போக மாட்டார்கள். ஊரின் கால்பந்து அணிக்குப் பெயர் ராட்னிச்கி. தொழிலாளர் அணி என்று அர்த்தம்.

முதல் உலகப்போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் சில விஷயங்களை விட முடியாது. செர்பியப் படையின் தலைமையகம் இங்கே இருந்தது. 1914-15 குளிர்காலத்தில் விஷக்காய்ச்சல் பரவி, மருத்துவமனைகளில் படுக்க இடமில்லாமல் சனங்கள் செத்தார்கள். பேன் மூலம் பரவும் டைஃபஸ் அது. பாரசீகத்தில் வேலை செய்துகொண்டிருந்த எலிசபெத் ராஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் உதவிக்கு ஓடிவந்தார். நோயாளிகளைப் பார்த்த அவரையும் நோய் பிடித்தது. 1915 பிப்ரவரி 14-இல், தன் பிறந்தநாளன்றே இறந்துபோனார். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் ஊர்க்காரர்கள் அவர் கல்லறைக்குப் போகிறார்கள், அவர் பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் எதிரி விமானங்கள் ஊர்மேல் குண்டு போட வந்தபோது, ராகா லியூதோவாட்ஸ் என்ற சிப்பாய் தரைப் பீரங்கியால் ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். தரையிலிருந்து பீரங்கியால் வீழ்த்தப்பட்ட முதல் போர் விமானங்களில் ஒன்று அது. போர் முடியும் தறுவாயில், 1918 ஜூனில், ஆஸ்திரியப் படையில் இருந்த ஸ்லோவாக் சிப்பாய்கள் கலகம் செய்ததற்காக 44 பேர் இந்த ஊரின் வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் இங்கே ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அந்நியப் படையின் சிப்பாய்களுக்குச் சின்னம் எழுப்பிக் காத்துவரும் ஊர் இது.

அப்புறம் 1941.

அதைச் சொல்ல ஒரு கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கணக்கு ஜெர்மன் படையினுடையது. செர்பியாவில் எதிர்ப்பு பரவியதும் அங்கிருந்த ஜெர்மன் தளபதி ஃப்ரான்ஸ் பியோமெ ஓர் உத்தரவு போட்டார். ஒரு ஜெர்மன் சிப்பாய் கொல்லப்பட்டால் நூறு பேர், காயம்பட்டால் ஐம்பது பேர். அக்டோபர் நடுவில் கிராகுயெவாட்ஸுக்கு அருகே ஒரு ஜெர்மன் படைப்பிரிவு தாக்கப்பட்டது. 10 பேர் செத்தார்கள், 26 பேருக்குக் காயம். பெருக்கிக் கூட்டினால் 2,300 வருகிறது. அந்த எண்ணுக்கு ஆள் பிடிக்கத்தான் படை ஊருக்குள் வந்தது.

அக்டோபர் 19-இல் சுற்றுப்புறக் கிராமங்களில் தொடங்கினார்கள், நானூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே செத்தார்கள். 20-ஆம் தேதி ஊரைச் சுற்றி வளைத்து, 16 வயதிலிருந்து 60 வயது வரை கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் இழுத்துப்போனார்கள். கடைகளிலிருந்து, அலுவலகங்களிலிருந்து, தெருவிலிருந்து. உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளுக்குள்ளும் போனார்கள். பாடம் நடந்துகொண்டிருந்தபோதே மாணவர்களையும் ஆசிரியர்களையும் வரிசையில் நடத்திக் கூட்டிப்போனார்கள். தெருவோரம் காலணிக்கு மெருகு போட்டுப் பிழைத்த ரோமா (ஜிப்சி) இனச் சிறுவர்களையும் விடவில்லை. ஆள் பிடிப்பதற்கு ஜெர்மானியர்களுக்குத் துணை நின்ற உள்ளூர்ப் படையினரும் இருந்தார்கள். இதையும் ஊர் மறைப்பதில்லை. இரவெல்லாம் படைமுகாம் கொட்டகைகளில் அடைத்துவைத்து, 21-ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சுட ஆரம்பித்தார்கள். மதியம் இரண்டு மணி வரை சுட்டார்கள்.

செத்தவர்கள் ஏழாயிரம் பேர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பெயர் பெயராகத் தேடி ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது 2,700-க்கும் மேல் என்று வந்தது. எண்ணிக்கை குறைந்ததால் துயரம் குறைந்ததா? எனக்குப் பெயர்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஏழாயிரம் என்பது ஒரு திரள். பெயர் தெரிந்த ஒருவன் ஒரு வீட்டின் பிள்ளை.

சுடப்பட்ட இடம் இன்று ஷுமாரிட்சே நினைவுப் பூங்கா. 350 ஹெக்டேருக்கும் மேல் பரந்த புல்வெளியும் மரங்களும். அதற்குள் 33 புதைமேடுகள். பூங்காவின் வாசலில் இருக்கிற அருங்காட்சியகத்தை 1976-இல் திறந்தார்கள். கட்டியவர்கள் இவான் ஆன்திச், இவாங்கா ராஸ்போபோவிச். வெவ்வேறு உயரத்தில் நெருக்கியடித்து நிற்கும் செங்கல் தூண் கட்டடங்கள், புதைமேட்டுக்கு ஒன்றாக 33. சுவரில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் இறங்குகிறது. உள்ளே போனதும் கண் தன்னால் மேலே போகிறது, நாலு பக்கமும் செங்கல் சுவர் உயர்ந்துகொண்டே போய் ஒரு சதுர வானத்தில் முடிகிறது. குழியின் அடியிலிருந்து பார்க்கிறோம் என்பது அப்போதுதான் புரியும்.

உள்ளே என்னை நகர விடாமல் நிறுத்தியவை துண்டுச் சீட்டுகள். கொட்டகையில் அடைபட்ட அந்த இரவில், கையில் கிடைத்த காகிதத்தில் பென்சிலால் வீட்டுக்கு எழுதியவை. அடையாள அட்டையின் ஓரம், பழைய ரசீதின் பின்பக்கம் என்று எதில் முடிந்ததோ அதில் எழுதியிருக்கிறார்கள். சாவு நிச்சயம் என்று தெரிந்தவர்கள் என்ன எழுதுவார்கள்? பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லை. மன்னித்துக்கொள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள், இன்னாருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது. ஒருவர் நாளைக்கு ரொட்டி வேண்டாம் என்ற பொருளில் ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் வீணாகச் செலவு செய்ய வேண்டாம் என்று அந்த நேரத்திலும் ஒரு மனிதன் நினைத்திருக்கிறான்.

பள்ளி ஆசிரியர் ஒருவர் பற்றி ஊர் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. விலகிப் போய்விடலாம் என்று வாய்ப்புக் கொடுத்தபோதும் அவர் மாணவர்களை விட்டுப் போகவில்லையாம். சுடுங்கள், நான் இப்போதும் பாடம்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றாராம். வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் சொன்னாரா என்பதை இனி யாராலும் உறுதிப்படுத்த முடியாது. மாணவர்களோடு ஆசிரியர்களும் சேர்ந்து செத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் புதைமேட்டின் முன்னால்தான் மியோட்ராக் ஷிவ்கோவிச் 1963-இல் செய்த சின்னம் நிற்கிறது. வெள்ளைக் கான்கிரீட்டில், பறக்க முடியாமல் முறிந்து விரிந்த இரண்டு இறக்கைகள். கிட்டப் போனால் இறக்கையின் மடிப்புகளில் மனித முகங்களும் உடல்களும் தெரியும். காலணி மெருகிட்ட சிறுவர்களுக்குத் தனியாக ஒரு சின்னம் இருக்கிறது. ஒருவருக்கு நூறு என்ற அந்தக் கணக்கையே பெயராகக் கொண்ட சின்னத்தைச் செய்தவர் நாந்தோர் கிலித். தன் குடும்பத்தை ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் பறிகொடுத்த சிற்பி அவர்.

ஒவ்வொரு அக்டோபர் 21-ஆம் தேதியும் இங்கே ‘பெரிய பள்ளிப் பாடவேளை’ என்ற நிகழ்ச்சி நடக்கிறது. அதற்கென்றே புதிதாக எழுதிய கவிதையும் இசையும் திறந்தவெளியில் அரங்கேறும், ஊர் திரளும். நடுவில் நின்றுபோன பாடத்தை ஊரே சேர்ந்து தொடர்கிறது என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சரி, காருக்கு வருவோம்.

போருக்குப் பிறகு ஆயுதத் தொழிற்சாலையின் ஒரு பகுதியைக் கார் தயாரிக்கத் திருப்பினார்கள். 1953-இல் தொழிலாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். தொழிற்சாலையின் சொந்தப் பணத்தைக் கார் உற்பத்தியில் போடலாமா என்பது கேள்வி. போடலாம் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். செர்பியா அப்போது சேர்ந்திருந்த, டிட்டோ ஆண்ட யூகோஸ்லாவியாவில் தொழிற்சாலையைத் தொழிலாளர்களே நிர்வகிக்க வேண்டும் என்பது கொள்கை. கார்கள் ஸஸ்தாவா என்ற பெயரில் வெளிவந்தன. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு உரிம ஒப்பந்தம் போட்டார்கள். நம் நாட்டில் பம்பாயில் தயாராகி, பிரீமியர் பத்மினி ஆவதற்கு முன்பும் பின்பும் மக்கள் வாயில் ஃபியட் என்றே நிலைத்துவிட்ட காரும் அதே நிறுவனத்தோடு செய்துகொண்ட இதே மாதிரி ஏற்பாட்டில் வந்ததுதான்.

1955-இல் வந்த குட்டிக் காருக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர் ஃபிச்சா. இன்ஜின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். பழைய மாதிரிகளில் கதவு பின்பக்கமாகத் திறக்கும். நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதில்தான் ஒரு தலைமுறையே குடும்பத்தோடு அட்ரியாடிக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனது, கூரைமேல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு. 1985 வரை 9 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்த நாட்டைச் சக்கரத்தில் ஏற்றிய ஊர் கிராகுயெவாட்ஸ் என்றால் மிகையில்லை. இன்றும் ஃபிச்சாவைப் பளபளப்பாக வைத்திருக்கும் பெரியவர்களைத் தெருவில் பார்க்கலாம். அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், மூடியைத் திறந்து காட்டாமல் விடமாட்டார்கள்.

யூகோ 1980-இல் வந்தது. அடிப்படை ஃபியட் 127. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய, தெருமுனை மெக்கானிக் பழுது பார்க்கக்கூடிய சின்னக் கார். யூகோஸ்லாவிய ரோட்டுக்கு அது போதும். மால்கம் பிரிக்லின் என்ற அமெரிக்க வியாபாரி அதை 3,990 டாலர் விலையில் அமெரிக்காவில் இறக்கினார். 1985-இலிருந்து 1992 வரை 1,40,000-க்கும் மேல் விற்றது. முதலில் வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகுதான் கேலி ஆரம்பித்தது.

கேலியில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பிளாஸ்டிக் பாகங்கள் மலிவானவை, பொருத்தங்களில் குறை இருந்தது, அவசரமாக ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். இது யூகோவின் தனிக் குறை கிடையாது, அந்தக் காலத்துப் பல ஐரோப்பியக் கார்களில் அப்படித்தான். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி, பராமரிக்காமல் ஓட்டி, கெட்டதும் செய்தவனைத் திட்டுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். இதே கார் கிராகுயெவாட்ஸில் 2008 நவம்பர் வரை தயாரானது. மொத்தம் கிட்டத்தட்ட 8 லட்சம். பால்கன் மலைச்சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும் உண்டு.

யூகோவை முடித்தது தரக்குறைவு மட்டும் இல்லை, நாடு உடைந்ததுதான். ஒரு யூகோவின் பாகங்கள் யூகோஸ்லாவியாவின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் வந்தன. மின் பாகங்கள் ஸ்லோவேனியாவிலிருந்து, மற்றவை குரோவேஷியாவிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும். 1991-இல் போர் தொடங்கியதும் நேற்று வரை சப்ளையராக இருந்தவர் வேற்று நாட்டுக்காரர் ஆனார். 1992 மே மாதம் ஐ.நா. பொருளாதாரத் தடை வந்தது, ஏற்றுமதி நின்றது. ஆண்டுக்கு 2 லட்சம் கார் என்ற அளவில் ஓடிய தொழிற்சாலை சில ஆயிரங்களுக்கு இறங்கியது. பட்டறையைச் சுற்றிக் கட்டிய ஊரில் சம்பளம் நின்றால் மளிகைக் கடையும் முடிதிருத்தும் கடையும் சேர்ந்து நிற்கும்.

1999-இல் நேட்டோ விமானங்கள் வந்தன. குண்டு போடுவார்கள் என்று தெரிந்தே தொழிலாளர்கள் ஷிஃப்ட் ஷிஃப்டாகத் தொழிற்சாலைக்குள் தங்கினார்கள். நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி அதிகாலையில் குண்டு விழுந்தது, மூன்று நாள் கழித்து மறுபடியும். நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். உடைந்த டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து நச்சு எண்ணெய் கொட்டி மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தது. சுற்றுச்சூழல் கெட்ட நான்கு அபாய இடங்களில் ஒன்றாகக் கிராகுயெவாட்ஸை ஐ.நா. குறித்தது. பீரங்கி வார்க்க, எதிரியின் கண்ணில் படாத இடம் என்று தேர்ந்தெடுத்த ஊர், அந்தத் தொழிற்சாலையினாலேயே குறியாகிப்போனது. அதற்குள் வேலை பார்த்த மனிதர்களை நினைத்துத்தான் எனக்கு மனசு கனக்கிறது. தங்கள் இயந்திரங்களைத் தங்கள் உடம்பால் மறைக்கப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கார்களைப் பற்றித்தான் துணுக்கு எழுதினார்கள்.

அதற்குப் பிந்தைய கதை பல தொழில் நகரங்களின் கதை போன்றது. 2008-இல் ஃபியட் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டது, மீதி செர்பிய அரசுக்கு. 2012-இல் 500 எல் என்ற கார் வெளிவந்தது, நாட்டின் ஏற்றுமதியில் முதலிடத்துக்கே வந்தது. 2017 கோடையில் சம்பளம் போதாமல் தொழிலாளர்கள் மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022-இல் உற்பத்தி நின்றபோது, வெளிநாட்டு ஆலைகளுக்குப் போய் வேலை செய்யுங்கள் என்று பலரிடம் சொல்லப்பட்டது. பலர் பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார்கள். 2024-இலிருந்து கிராண்டே பாண்டா என்ற புதிய கார் வருகிறது, மின்சார வகையும் சேர்த்து. ஸீமென்ஸ் நிறுவனம் இங்கே ரயில், டிராம் பெட்டிகள் செய்கிறது, அரசின் தரவு மையமும் 2020-இல் இங்கேதான் வந்தது. ஆயுதத் தொழிற்சாலையும் தனி நிறுவனமாக நடக்கிறது. இத்தனை அடிக்குப் பிறகும் முதலாளிகள் இந்த ஊரைத் தேடி வருவதற்குக் காரணம், பட்டறைக் கையும் படிப்பும் சேர்ந்த ஆட்கள் இங்கே கிடைப்பதுதான் என்று நினைக்கிறேன். 1854-இல் போட்ட தொழிற்பள்ளியின் பலன் அது. 1976-இலிருந்து பல்கலைக்கழகமும் இருக்கிறது.

மாலையில் ஊரின் முதன்மைத் தெருவில் சனங்கள் காலாற நடக்கிறார்கள், காபிக் கடைகளில் மணிக்கணக்கில் உட்கார்கிறார்கள். குளிர்காலம் என்றால் ஷுமாதியா தேநீர் குடித்துப் பார்க்கலாம். பெயர்தான் தேநீர், ஒரு சொட்டுத் தேயிலை கிடையாது. பாத்திரத்தில் சர்க்கரையைக் காய்ச்சி, பழுப்பேறி மணம் வரும்போது பிளம் சாராயத்தையும் தண்ணீரையும் ஊற்றிக் கொதிக்கவைத்துச் சுடச்சுடத் தருவார்கள். மூக்கில் ஆவி ஏறும், தொண்டையில் இனிப்பு முதலில் இறங்கி எரிச்சல் பின்னால் வரும். 2007-இல் யூரோவிஷன் போட்டியில் செர்பியாவுக்கு வெற்றி தேடித்தந்த பாடகி மரியா ஷெரிஃபோவிச் இந்த ஊர்ப்பெண். போரை எதிர்க்கும் கேலிச்சித்திரங்களுக்கென்றே ஒரு பன்னாட்டுக் கண்காட்சியையும் இந்த ஊர் நடத்திவருகிறது. ஆயுதம் செய்து பிழைத்த ஊரே அதைச் செய்கிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆயுதம் என்ன செய்யும் என்று இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

2024 நவம்பர் 1-ஆம் தேதி நோவிசாத் ரயில் நிலையத்தின் கான்கிரீட் விதானம் இடிந்து விழுந்ததில் பலர் இறந்தார்கள். ஊழல்தான் காரணம் என்று செர்பிய மாணவர்கள் பல்கலைக்கழகங்களை முடக்கிப் போராட இறங்கினார்கள். அடுத்த பிப்ரவரி 15-ஆம் தேதி எங்கே கூடுவது என்று வந்தபோது, அவர்கள் தலைநகரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1835-இல் சட்டம் எழுதிய ஊருக்கே வந்தார்கள். பெல்கிரேடிலிருந்தும் நோவிசாத்திலிருந்தும் நீஷிலிருந்தும் நாள்கணக்கில் நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். வழியில் கிராமத்துக்காரர்கள் சாப்பாடு போட்டார்கள், தங்க இடம் கொடுத்தார்கள். ஊருக்குள் நுழைந்தபோது கிராகுயெவாட்ஸ் மக்கள் தெருவின் இரு பக்கமும் திரண்டு நின்று, அழுதுகொண்டே வரவேற்றார்கள். அப்போது இறந்தவர்களின் எண்ணிக்கை 15 என்றிருந்ததால், அவர்களுக்காக 15 மணி நேரம் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள் மாணவர்கள். கொட்டும் குளிரில் அவர்களுக்குச் சூப்பும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தது அந்த ஊர்.